பழைய பெரிய நோயோடு ஆஸ்திரேலிய ஸ்கில்டு விசா: முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது வருடத்துக்கு ஒரு செக்கப்போடு சரி. அல்லது கல்லூரி படிக்கும்போது காசநோய் வந்து, மருந்து முழுக்கச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. அல்லது இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. படிப்பு, அனுபவம், ஆங்கிலம், பாயின்ட் எல்லாம் கையில் இருந்தும், "மெடிக்கலில் தூக்கிவிடுவார்கள்" என்ற பயத்திலேயே பலர் தொழில்திறன் அடிப்படையில் கிடைக்கும் ஆஸ்திரேலிய ஸ்கில்டு விசாவை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இன்னொரு பக்கம், "பழைய விஷயம்தானே, சொல்லாமல் விட்டுவிடு" என்று அறிவுரை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பயப்படுவதற்கு அவ்வளவு காரணம் இல்லை. மறைப்பதோ உண்மையிலேயே ஆபத்தானது.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் நோயின் பெயர் மட்டுமே விசாவைத் தடுப்பது காசநோய் விஷயத்தில்தான், அதுவும் நோய் இப்போது உடம்பில் செயலில் இருந்தால் மட்டும். மற்ற நோய்களில் அரசாங்கம் பெரும்பாலும் கேட்பது, இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு இனி வரும் வருடங்களில் எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். ஆகவே உங்கள் வேலை, நோய் எவ்வளவு கொடுமையாக இருந்தது, எப்படி மீண்டீர்கள் என்று விளக்குவதல்ல. இன்றைய நிலையையும் நாளைய தேவையையும் காகிதத்தில் தெளிவாகக் காட்டுவது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

நிரந்தர விசா கிடைத்தவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டம் கிடைக்கும். மருந்துகளிலும் பெரும்பாலானவை அரசு மானியத்தில் வரும். அந்தச் செலவு ஒரு வரம்பைத் தாண்டுமா என்று விசா கொடுப்பதற்கு முன்பே மதிப்பிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர்.

இந்தத் தொகையின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 2012க்கு முன்பு வரம்பு 21,000 டாலர்தான். 2008இல் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் என்ற சிற்றூரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் ஒருவருக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்த காரணத்தால் நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்டது. ஊரே அவருக்காகக் குரல் கொடுத்தது, கடைசியில் குடிவரவு அமைச்சர் தலையிட்டு விசா கொடுத்தார். 2010இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தச் சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2012இல் வரம்பு 35,000 ஆனது, 2019இல் 49,000, 2021இல் 51,000, இப்போது 86,000. ஆகவே பல வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு மெடிக்கலில் மறுத்துவிட்டார்கள் என்ற கதையை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள். அவரை மறுத்த அதே மதிப்பீடு இன்றைக்கு வரம்புக்குள் அடங்கிவிடலாம்.

எத்தனை வருடச் செலவு? தற்காலிக விசா என்றால் நீங்கள் தங்கப்போகும் காலத்துக்கு மட்டும். நிரந்தர விசாவுக்குப் பொதுவாக ஐந்து வருடம். ஆனால் நோய் நிரந்தரமானது, அதன் போக்கை முன்கூட்டியே கணிக்க முடியும் என்றால் பத்து வருடம் வரை எடுத்துக்கொள்வார்கள். வருடங்கள் கூடினாலும் தொகை கூடாது என்பதைக் கவனியுங்கள். ஐந்து வருடக் கணக்கில் வருடத்துக்குச் சராசரி 17,200 டாலர் இடம் இருக்கிறது. பத்து வருடக் கணக்கில் அது 8,600 ஆகிவிடும். சிகிச்சை முடிந்த புற்றுநோய்க்கும், வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் நோய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

"நான் தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்கிறேன்", "ஊருக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொள்கிறேன்", "அப்பா பணம் கட்டுவார்" என்ற வாதங்கள் இந்தக் கட்டத்தில் எடுபடாது. அந்தச் சேவையை நீங்கள் உண்மையில் பயன்படுத்துவீர்களா என்பது பொருட்டே அல்ல என்று விதியே சொல்கிறது. அவர்கள் பார்ப்பது, உங்கள் நோய் உங்கள் அளவுக்கே உள்ள, பெயர் தெரியாத ஒரு கற்பனை மனிதரை. அவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதே கேள்வி.

செலவுக் கணக்கோடு இன்னொரு சோதனையும் உண்டு. ஆஸ்திரேலியர்களுக்கே போதாமல் இருக்கும் சேவைகள் உங்களுக்கும் தேவைப்படுமா என்று பார்ப்பார்கள். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையும் டயாலிசிஸும் இதில் வரும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பாதை மிகவும் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த விசா என்பதை நோயும் தீர்மானிக்கும்

ஏஜென்ட்கள் அதிகம் பேசாத பகுதி இது. எனக்கோ, எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவாகத் தெரிவது இதுதான்.

பாயின்ட் அடிப்படையிலான 189, மாநிலம் பரிந்துரைக்கும் 190 ஆகிய இரண்டு நிரந்தர விசாக்களுக்கும் உடல்நல விஷயத்தில் விலக்கு கிடையாது. வரம்பைத் தாண்டினால் விசா மறுப்பு, அவ்வளவுதான். உங்கள் திறமை, குடும்பம், மனிதாபிமானக் காரணம் எதையும் அதிகாரி கணக்கில் எடுக்க முடியாது. வேலை கொடுப்பவர் மூலம் வரும் 482 தற்காலிக விசாவும், அதில் இருந்தபின் முதலாளி வழியாகப் போகும் 186 நிரந்தர விசாவின் மாற்றப் பிரிவும் வேறு விதிக்குள் வருகின்றன. அங்கே வரம்பைத் தாண்டினாலும் விலக்குக் கேட்கலாம். அதிகாரி உங்கள் சம்பளம், முதலாளியின் ஆதரவு, செலவைக் குறைக்க உங்களால் என்ன முடியும், ஆஸ்திரேலியாவில் உங்களுக்கு உள்ள உறவுகள் எல்லாவற்றையும் பார்ப்பார். மேலே சொன்ன இன்ஷூரன்ஸ், சொந்தப் பணம் போன்ற வாதங்களுக்கு இங்கேதான் மதிப்பு.

ஆகவே சிகிச்சை முடிந்து, மருந்தும் குறைந்து, கண்காணிப்பு மட்டும் மிச்சம் என்றால் 189, 190 தாராளமாக முயலலாம். விலையுயர்ந்த மருந்து தொடர்கிறது, மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது, பிள்ளைக்கு நீண்டகால ஆதரவுச் சேவை தேவை என்றால், முதலாளி வழியை முதலில் யோசியுங்கள். 482இல் தங்கும் காலச் செலவை மட்டுமே பார்ப்பதால் அந்த முதல் படியும் எளிதாக இருக்கும். அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் இரண்டு வருடம் வேலை செய்தபின் 186க்குப் போகலாம், ஆனால் 45 வயதுக்குள் போக வேண்டும் என்ற பொது விதி நினைவில் இருக்கட்டும்.

இதோடு குடும்பம் என்ற விஷயமும் இருக்கிறது. நிரந்தர விசாவில் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் உடல்நல நிபந்தனையைப் பூர்த்தி செய்ய வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் மறுப்பு. "மனைவியை இப்போது சேர்க்காமல் அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று தப்பிக்க முடியாது. கூட வராத கணவன், மனைவி, சார்ந்த பிள்ளைகளும் பொதுவாக மெடிக்கலுக்குப் போயாக வேண்டும்.

வேறு நாடுகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்கள் காசநோய்ச் சான்று கொடுத்தால் போதும், செலவுக் கணக்குச் சோதனை கிடையாது. அதற்குப் பதிலாக வருடத்துக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். நியூசிலாந்தில் வரம்பு 81,000 நியூசிலாந்து டாலர். கனடாவில் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஐந்து வருடத்துக்கு 1,31,100 கனேடிய டாலர்.

படி 1: பழைய காகிதங்களைத் தேடி எடுப்பது

விசா விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, ஏன், ஆங்கிலத் தேர்வுக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். 189க்கு முதன்மை விண்ணப்பதாரரின் கட்டணம் மட்டுமே 2025இல் 4,900 டாலரை ஒட்டி இருந்தது. மறுத்தால் திரும்ப வராது. பழைய ஆவணத்தைத் தேடுவதற்கு ஆகும் செலவு அதில் ஒரு துளி.

புற்றுநோய் என்றால் பயாப்சி ரிப்போர்ட், இம்யூனோ ரிப்போர்ட், நோய் எந்த ஸ்டேஜ் என்று எழுதிய பக்கம், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, கீமோ எத்தனை சுழற்சி என்ற விவரம், கதிர்வீச்சு முடிந்த தேதி, அதன் பிறகு எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அது போதாது. பயாப்சி பிளாக்கும் ஸ்லைடும் மருத்துவமனையின் நோயியல் பிரிவில் இன்னும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இதய நோய் என்றால் ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஸ்டென்ட் விவரம், அண்மைய எக்கோ. மனநோய் என்றால் எந்தெந்த வருடம் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார், எவ்வளவு காலமாக நிலையாக இருக்கிறார், தொடர்ந்து வேலை செய்துவந்திருக்கிறாரா என்ற தகவல்கள்.

நம் ஊர் ஆவணங்களில் பெரிய தலைவலி பெயர்தான். ஆஸ்பத்திரிக் கார்டில் "எஸ். கவிதா, வயது 34", பாஸ்போர்ட்டில் "கவிதா சுந்தரம்" என்று பிறந்த தேதியோடு. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருந்தால் இன்னும் சிக்கல். பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய், இந்த எண்ணுள்ள நோயாளியும் இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவரும் ஒருவரே என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளிலும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இலங்கையின் மகரகம அபேக்‌ஷா போன்ற இடங்களிலும் கூட்டம் அதிகம். கோப்பைத் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம். கோப்பே கிடைக்கவில்லை என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு இப்போதைய டாக்டரிடம் புதிதாகப் பரிசோதனை செய்து, இன்றைய நிலையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்பெஷலிஸ்ட் கடிதம்

மொத்தக் கோப்பில் உயிர்நாடி இந்த ஒரு கடிதம்தான். நம் டாக்டர்கள் அன்பாகவே எழுதிக் கொடுப்பார்கள். ஆனால், "இந்த நோயாளி நலமாக இருக்கிறார், வெளிநாடு செல்லத் தகுதியானவர்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பயணம் செய்ய முடியுமா என்று அவர் கேட்கவில்லை.

கடிதத்தில் ஒரு வரிசை இருக்கட்டும். எந்த மாதம், எந்த வருடம், என்ன நோய், எந்த ஸ்டேஜ் என்று முதலில். என்ன சிகிச்சை, எப்போது முடிந்தது என்று அடுத்து. கடைசிப் பரிசோதனை எந்தத் தேதியில், அதில் நோயின் அறிகுறி இருந்ததா இல்லையா. இப்போது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், இன்னும் எவ்வளவு காலத்துக்கு. அடுத்த ஐந்து வருடத்தில் என்னென்ன பரிசோதனை எத்தனை முறை தேவைப்படும். அறுவைச் சிகிச்சையோ மருத்துவமனைச் சேர்க்கையோ வரும் என்று எதிர்பார்க்கிறாரா. நோய் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு, எந்த அடிப்படையில் அப்படிச் சொல்கிறார். கடைசியாக, நோயாளி முழுநேர வேலை செய்கிறாரா, அன்றாட வேலைகளுக்கு யார் உதவியும் தேவையா என்பதும்.

ஓர் உதாரணம் தருகிறேன். "2019 மார்ச்சில் இடது மார்பகத்தில் இரண்டாம் ஸ்டேஜ் புற்றுநோய். அறுவை, கீமோ, கதிர்வீச்சு 2019 டிசம்பரில் முடிந்தன. தற்போது டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் தினமும், 2029 வரை தொடரும். வருடத்துக்கு ஒரு மேமோகிராமும் ஒரு மருத்துவர் சந்திப்பும் மட்டும் தேவை. கடைசிப் பரிசோதனையில் நோய்க்கான தடயம் இல்லை. முழுநேர வேலையில் இருக்கிறார்." இப்படி எழுதினால் படிக்கும் அதிகாரி உடனே கணக்குப் போட முடியும்: மலிவான ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு படம், ஒரு சந்திப்பு. விவரம் இல்லாத கடிதம் வந்தாலோ, அவர் மோசமான நிலையை வைத்துக் கணிக்க நேரிடும், இல்லையென்றால் கூடுதல் அறிக்கை கேட்டு மாதங்களைத் தள்ளுவார்.

டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் மேலே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், பதிலை அவர் சொந்தமாக எழுதட்டும். பொய்யாகவோ மிகைப்படுத்தியோ எழுதச் சொல்லாதீர்கள். பேனல் டாக்டர் (ஆஸ்திரேலியா அங்கீகரித்த பரிசோதனை டாக்டர்) பரிசோதிக்கும்போது முரண் வெளியே வந்துவிடும். லெட்டர்ஹெட், கையெழுத்து, மருத்துவப் பதிவெண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எப்போது போடுவது

சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் கடந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மறுபடி வரும் அபாயம் குறைந்ததாகப் பல புற்றுநோய்களில் கருதுவார்கள். ஆகவே சிகிச்சை முடிந்து ஒரு வருடத்திலேயே ஓடுவதைவிடக் கொஞ்சம் பொறுப்பது நல்லது. ஆனால் வயது காத்திருக்காது. 25 முதல் 32 வரை 30 பாயின்ட், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15, 45 ஆனால் 189, 190 இரண்டுக்கும் கதவு மூடிவிடும். உங்கள் ஸ்பெஷலிஸ்ட்டிடம், "இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தால் என் நிலையைப் பற்றி நீங்கள் எழுதப்போவது மாறுமா?" என்று நேராகக் கேளுங்கள். மாறாது என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை, பாயின்ட்தான் போகும்.

மற்ற படிகள் எல்லோருக்கும் உள்ளவைதான்: உங்கள் தொழிலுக்குரிய அமைப்பிடம் திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, குறைந்தது 65 பாயின்ட்டோடு ஸ்கில்செலக்ட் என்ற அரசு இணையதளத்தில் விருப்பப் பதிவு. இன்விடேஷன் வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரி ரெக்கார்டைத் தேட அந்த 60 நாள் போதாது. அதனால்தான் முதல் இரண்டு படிகளை இன்விடேஷனுக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வதானால், ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றவரா என்று அவருடைய பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். "மெடிக்கல் கேரண்டி" என்று பணம் கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.

படி 4: விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகள்

இம்மி அக்கவுன்ட் (விசா விண்ணப்பிக்கும் அரசு இணையதளம்) படிவத்தில் காசநோய் வந்ததா, காசநோய் உள்ள ஒருவரோடு நெருங்கிப் பழகினீர்களா என்று கேட்பார்கள். புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய், ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி, எச்.ஐ.வி., மனநோய் போன்றவற்றுக்கு ஆஸ்திரேலியாவில் சிகிச்சையோ தொடர் கண்காணிப்போ தேவைப்படுமா என்றும் கேட்பார்கள். கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படித்து உண்மையைச் சொல்லுங்கள். விளக்கம் எழுதும் கட்டத்தில் ஸ்பெஷலிஸ்ட் கடிதத்தில் இருப்பதையே சுருக்கமாக எழுதுங்கள். இரண்டுக்கும் தேதி ஒத்துப்போகட்டும்.

மறைத்தால் என்ன ஆகும்? தவறான தகவல் தந்ததாக முடிவானால் விசா மறுக்கப்படும், அதோடு மூன்று வருடத்துக்கு இன்னும் பல விசாக்களுக்கும் தடை வரலாம். நோயைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விசா, சொல்லாததால் போய்விடும். அறுவைத் தழும்பையும் நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும் பழைய காசநோய் வடுவையும் மறைக்க முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் மறைத்த நோய் என்று ஒன்று உண்டு, நம் குடும்பங்களில் அது அபூர்வம் அல்ல. கல்யாணத்துக்கு முன் வந்த வலிப்பு, மன அழுத்தத்துக்கு எடுத்த மருந்து, பெண்ணுக்கு வந்த புற்றுநோய் எதையும் மாமியார் வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பார்கள். குடும்பமாகப் போடும் விண்ணப்பத்தில் ஒரே இணையக் கணக்குத்தான், கடிதங்கள் அதில்தான் வரும், கணவனோ மனைவியோ ஏஜென்ட்டோ அதைத் திறந்து படிக்க முடியும். மருத்துவ அதிகாரி கேள்வி கேட்டு எழுதும் நாளில்தான் துணைவருக்குத் தெரியவர வேண்டும் என்ற நிலையை வரவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது எவ்வளவோ மேல்.

படி 5: மெடிக்கல் நாள்

விண்ணப்பம் போட்டபின் ஹேப் எண் என்ற, உங்கள் பரிசோதனைக்கான அடையாள எண்ணோடு கடிதம் வரும். அதை வைத்து ஆஸ்திரேலியா அங்கீகரித்த பேனல் டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் பேனல் கிளினிக்குகள் இருக்கின்றன, மற்ற ஊர்களுக்கு ஆஸ்திரேலிய உள்துறையின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் குடும்ப டாக்டர் எழுதும் எதுவும் இந்தப் பரிசோதனைக்குப் பதிலாகாது.

நிரந்தர விசாவுக்குப் பொதுவாக முழு உடல் பரிசோதனை, 11 வயதுக்கு மேல் நெஞ்சு எக்ஸ்ரே, 15 வயதுக்கு மேல் எச்.ஐ.வி. சோதனை. நம் பகுதியிலிருந்து போகும் சிறு பிள்ளைகளுக்கு எக்ஸ்ரேக்குப் பதில் காசநோய்க் கிருமி உண்டா என்று ரத்தத்திலோ தோலிலோ சோதிப்பார்கள். நர்ஸ், டாக்டர், பல் மருத்துவர் போன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனையும் சேரும்.

பாஸ்போர்ட், ஹேப் கடிதம், கண்ணாடி, சாப்பிடும் மருந்துகள், ஸ்பெஷலிஸ்ட் கடிதம், பழைய ரிப்போர்ட்டுகளின் நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மாதவிடாய் நேரத்தில் சிறுநீர்ச் சோதனைக்குப் போக வேண்டாம், ரத்தம் கலந்து வந்தால் மறுபடி போக வேண்டியிருக்கும். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லுங்கள். பேனல் டாக்டரிடம் உங்கள் கோப்பைக் கொடுத்து, கணினியில் ஏற்றும்படி கேளுங்கள். முடிவெடுப்பவர் அவர் இல்லை. அவர் பார்த்ததை எழுதி அனுப்புவார். ஏதாவது கண்டால் அது மருத்துவ அதிகாரியிடம் போகும், அவர் சொல்வதே முடிவு.

காசநோய் வந்தவர்களுக்கு

நம்மவர்களிடம் மிகவும் பரவலான பழைய நோய் இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் வடு தெரிந்தால் சளி மாதிரி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யச் சொல்லலாம், முடிவு வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். அப்போது பதறிப்போய் ஏஜென்ட்டை மாற்ற வேண்டியதில்லை. சிகிச்சை முடித்த சான்று, எந்த மருந்து எத்தனை மாதம் என்ற விவரம், பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இவற்றை முன்பே கொடுத்தால் வேலை சுலபம். வடு காலப்போக்கில் மாறாமல் இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பழைய ஃபிலிம்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோய் இப்போது செயலில் இருந்தால், சிகிச்சை முடியும்வரை விண்ணப்பம் நிற்கும். குணமானபின் மறுபடி பரிசோதித்து மேலே போகலாம்.

படி 6: மருத்துவ அதிகாரியின் முடிவு பாதகமாக வந்தால்

மறுப்புக்கு முன் உங்களுக்குக் கடிதம் வரும். என்ன நோய், எந்தச் செலவுகள், மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பதில் சொல்லப் பொதுவாக 28 நாள் தருவார்கள். முழு வழிகாட்டியிலும் நேரம் மிகவும் நெருக்குவது இந்த இடத்தில்தான். முதல் நாளே கால நீட்டிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள், ஸ்பெஷலிஸ்ட்டிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

எதை வாதிடலாம்? உங்கள் நல்ல குணத்தை அல்ல. கணக்கில் உள்ள தவறை. நோயின் அளவைச் சரியாகப் பார்த்தார்களா? மிதமான நிலையில் உள்ள ஒருவருக்குக் கடுமையான நிலையில் உள்ளவருக்கான செலவைப் போட்டுவிட்டார்களா? ராபின்சன் என்ற 2005ஆம் ஆண்டு வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம், நோயின் பெயரை மட்டும் வைத்துப் பொதுவாகக் கணிக்கக் கூடாது, விண்ணப்பதாரருக்கு உள்ள அதே வகை, அதே அளவு நோயை வைத்தே கற்பனை மனிதரைப் பார்க்க வேண்டும் என்றது. இப்போது நிறுத்திவிட்ட மருந்தின் செலவு சேர்ந்திருக்கிறதா? விலை குறைந்த ஜெனரிக் மருந்தில் நீங்கள் நிலையாக இருக்கும்போது விலை கூடிய மருந்தை வைத்துக் கணக்கிட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் ஸ்பெஷலிஸ்ட்டின் புதிய அறிக்கை பதில் சொல்லட்டும். விசா அதிகாரியால் மருத்துவ அதிகாரியின் கருத்தை மீற முடியாது. அதனால் உங்கள் பதில் முழுக்க மருத்துவ அதிகாரியை மறுபடி பார்க்க வைப்பதாக இருக்க வேண்டும். விலக்கு உள்ள விசா என்றால் மட்டும், இதோடு முதலாளியின் கடிதம், வருமானம், பிள்ளைகளின் படிப்பு, சமூக ஆதரவு என்று மற்ற ஆவணங்களையும் சேர்க்கலாம்.

மறுப்பே வந்துவிட்டால், ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விண்ணப்பித்தவர்களுக்குப் பொதுவாகத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை உண்டு. 2024 அக்டோபர் 14 முதல் பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்ற புதிய அமைப்பு இயங்குகிறது. அங்கேயும் தோற்றால் அமைச்சரிடம் தலையிடக் கோரலாம். அவர் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து 189 போட்டவர்களுக்கு இந்த முறையீட்டு வழி பெரும்பாலும் இல்லை. எனவே ஊரில் இருந்து போடுகிறவர்கள் முதல் முறையே கோப்பை முழுதாகத் தயார் செய்வது இன்னும் அவசியம். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் உடல்நல வழக்குகளில் அனுபவம் உள்ள குடிவரவு வழக்கறிஞருக்குப் பணம் செலவழிப்பதில் தயங்காதீர்கள்.

படி 7: விசா வந்தபின்

சிலரிடம், குறிப்பாகப் பழைய காசநோய் உள்ளவர்களிடம், 815 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆஸ்திரேலியா போனபின் கண்காணிப்புக்கு வருகிறேன் என்ற உறுதிமொழி அது. இறங்கிய 28 நாளுக்குள் அந்தச் சேவையைத் தொடர்புகொள்ள வேண்டும், கவுன்சலிங் போல ஒரு மருத்துவச் சந்திப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை. விசாக் கடிதத்தில் முதல் நுழைவுக்கான கடைசித் தேதி இருக்கும். மெடிக்கல் பொதுவாக 12 மாதம்தான் செல்லும் என்பதால் அந்தத் தேதி நெருக்கமாக இருக்கலாம், டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை மூன்று மாதத்துக்கு மிகாமல், அசல் பெட்டியிலேயே, டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள். வந்த வாரத்திலேயே மெடிகேரில் பதிந்து, பக்கத்தில் ஒரு ஜி.பி.யை (பொது மருத்துவரை) பிடியுங்கள். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஜி.பி.யின் ரெஃபரல் இங்கே தேவை, பொது மருத்துவமனையில் காத்திருப்பும் நீளம். விசாவுக்காகச் சேர்த்த அந்தக் கோப்பை அப்படியே ஜி.பி.யிடம் கொடுத்தால், மேமோகிராமோ எக்கோவோ தவறாமல் அடுத்த தேதிக்கு ஏற்பாடு செய்துவிடுவார்.